நரம்பியல் பரிசோதனைக்குப் போகிறீர்களா? மருத்துவர் என்ன செய்வார், ஏன் செய்வார்: ஒரு முழுமையான வழிகாட்டி

கால் மரத்துப்போகிறது, கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ, வண்ணார்பேட்டைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கோ வருகிறவர்களில் பலர், உட்கார்ந்ததும் கேட்பது "ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்துருங்க சார்" என்பதுதான். முழங்காலில் சுத்தியலால் தட்டுவது, உள்ளங்காலில் கீறுவது, மூக்கைத் தொடச் சொல்வது எல்லாம் ஸ்கேனுக்கு முன்னால் ஒப்புக்கு நடக்கிற சடங்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஸ்கேன் தேவையா, தேவையென்றால் உடம்பில் எந்தப் பகுதியை எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தத் தட்டலும் கீறலும்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு நெடுநாளாக இடுப்பு வலி. இப்போது இரண்டு கால்களும் வலுவிழந்து வருகின்றன. இடுப்பை ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு விலகியிருப்பது தெரியக்கூடும், ஏனென்றால் அந்த வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே அது பல சமயம் காணப்படும். ஆனால் மருத்துவர் சுத்தியலால் தட்டிப் பார்க்கையில் முழங்கால் துடிப்பு (தட்டியதும் கால் தானே உதறுவது) அளவுக்கு மீறி இருந்து, உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கி, மார்புக்குக் கீழே ஊசிக் குத்து தெரியவில்லை என்றால், கோளாறு இடுப்பில் இருக்க முடியாது. வளர்ந்தவர்களின் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே, அவை பாதிக்கப்பட்டால் துடிப்பு குறையுமே தவிர அதிகமாகாது. அந்த மனிதருக்கு எடுக்க வேண்டியது மார்புப் பகுதித் தண்டுவட ஸ்கேன். பரிசோதிக்காமல் இடுப்பை மட்டும் எடுத்திருந்தால் பணமும் போய், நோயும் கண்ணில் படாமல் போயிருக்கும்.

நரம்பியல் பரிசோதனை முதலில் தேடுவது நோயின் இடத்தை. நோயின் பெயர் அதன் பிறகுதான் வரும். பெருமூளையா, சிறுமூளையா, மூளைத் தண்டா, தண்டுவடமா, நரம்பு வேரா, கை கால்களுக்கு ஓடும் புற நரம்பா, நரம்பும் தசையும் சேரும் இடமா, தசையா என்ற கேள்விக்கு மருத்துவர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு துண்டு விடை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வருகிற படிகள் எதுவும் விநோதமாகத் தோன்றாது.

புறநோயாளிப் பிரிவுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கப் பார்வை மறைவது, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி நொடிப்பொழுதில் வருவது ஆகியவற்றுக்கு நாள் குறித்துக்கொண்டு போகக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தகுதியுள்ளவர்களுக்குப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். ராதாபுரத்திலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து சேரும் நேரமும் இந்தக் கணக்கில்தான் கழியும் என்பதால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" என்பது, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்க முடிகிறதா என்று மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ அதுவும் அவசரமே. ஒருக்களித்துப் படுக்க வைப்பது உதவி; கையில் சாவியைத் திணிப்பதும் வாய்க்குள் கரண்டியை வைப்பதும் உதவியல்ல.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

பழைய ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படச் சுருள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச்செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரைகளைப் பொறுத்தவரை "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்று சொல்வதால் பயனில்லை; அட்டைகளையே கொண்டுபோக வேண்டும். தலைசுற்றலுக்காக மாதக்கணக்கில் தொடரப்படும் சின்னரிசைன், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு போன்றவை பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக் கூடியவை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அளவு கூடினால் நடை தள்ளாடும். சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சித்த மருத்துவக் கல்லூரியே 1964 முதல் பாளையங்கோட்டையில் இருப்பதால், இந்த வட்டாரத்தில் பலர் இரண்டு வைத்தியத்தையும் ஒருங்கே செய்துகொள்கிறார்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று சூரணத்தையும் லேகியத்தையும் மறைத்தால், மருந்துகளுக்கு இடையிலான மோதலைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

வழக்கமான மாத்திரைகளை, குறிப்பாக வலிப்பு மாத்திரைகளை, பரிசோதனை நாள் என்பதற்காக நிறுத்தக் கூடாது. பார்க்கின்சன் மாத்திரை எடுப்பவர் கடைசியாக அதை எத்தனை மணிக்குப் போட்டார் என்று குறித்துவைத்தால், அப்போது தெரியும் நடுக்கம் மருந்து வேலை செய்யும் நேரத்ததா, தீர்ந்த நேரத்ததா என்று மருத்துவருக்கு விளங்கும். வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். முழங்காலுக்கு மேல் எளிதில் ஏற்றக்கூடிய தளர்ந்த உடை வேண்டும். கை, தோள், பாதம், முதுகு ஆகியவற்றைப் பார்க்காமல் இந்தப் பரிசோதனை முழுமையாகாது. பெண் நோயாளிகள், பெண் செவிலியரோ உறவினரோ உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறந்துவிட்டுப் போனால் பாதிப் பரிசோதனை பிசகிவிடும்.

வலிப்போ மயக்கமோ வந்தவரென்றால், அதைக் கண்ணால் பார்த்தவரை அழைத்துச்செல்லுங்கள். நோயாளிக்கு அந்த நேரம் நினைவில் இருக்காது. மதுரையிலிருந்து வந்த மகனைவிட, பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டுக்காரரே நல்ல சாட்சி. கைபேசியில் காணொளி எடுக்க வாய்த்திருந்தால் அது இன்னும் மேல்.

நோயின் கதையைச் சொல்வது

பரிசோதனையின் பெரும்பங்கு இந்தப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து, இதில் பெரும்பாலான மருத்துவர்களும் மாறுபட மாட்டார்கள். மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது, தொந்தரவு எவ்வளவு வேகமாக வந்தது என்பதைத்தான். நொடியில் வந்து உச்சத்தைத் தொட்டால் இரத்தக் குழாய்க் கோளாறு. மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் கூடினால் தொற்று அல்லது அழற்சி. வார, மாதக் கணக்கில் வளர்ந்தால் கட்டி போன்றவை. ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வந்தால் நரம்பணுக்களின் தேய்வு அல்லது பரம்பரை நோய் என்று அவர் எண்ணம் ஓடும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தொடக்கம் இதுதான். ஆகவே "ரொம்ப நாளா" என்பதை விட, "தைப் பொங்கலுக்கு நல்லா நடந்தேன், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போறப்ப கைப்பிடி தேவைப்பட்டுது" என்பது பல மடங்கு பயனுள்ள தகவல்.

அடுத்து, தொந்தரவை நோயின் பெயரால் சொல்லாமல் செயலால் சொல்லுங்கள். "நரம்புத் தளர்ச்சி" என்றால் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை, தண்ணீர்க் குடத்தை மேடையில் தூக்கிவைக்க முடியவில்லை என்றால், இடுப்பையும் தோளையும் ஒட்டிய தசைகள் வலுவிழந்திருக்கின்றன. செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பீடிக்கு நூல் சுற்ற விரல் இணங்கவில்லை என்றால் பாதிப்பு கை கால்களின் நுனியில். செருப்பு நழுவியதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன் என்றால் வலுவோடு உணர்ச்சியும் போயிருக்கிறது. தாமிரபரணியில் குளிக்கும்போது கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகையில் மட்டும் தள்ளாடுகிறது என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே மருத்துவரை எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சிறுநீர், மலம் அடக்க முடிகிறதா என்ற கேள்விக்குக் கூசாமல் விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டுவடப் பாதிப்பின் அவசரத்தைத் தீர்மானிப்பது பல நேரம் அதுவே. குடிப்பழக்கம் பற்றியும் உண்மையான அளவைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருப்பதால் பாதியாகக் குறைத்துச் சொல்கிறவர்கள், மருத்துவரிடம் ஒரு நிமிடம் தனியாகப் பேசக் கேட்கலாம்.

நீங்கள் அறியாமலே தொடங்கிவிடும் கவனிப்பு

பெயர் கூப்பிட்டதும் எழுந்து அறைக்குள் நடந்து வரும் அந்தச் சில அடிகளிலேயே மருத்துவர் கண் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கிறதா, அடி குறுகியிருக்கிறதா, கால் அரைவட்டமாகச் சுழன்று வருகிறதா, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறாரா, கால்களை அகற்றி வைத்து நடக்கிறாரா என்று பார்ப்பார். ஆகவே நடக்க முடிகிறவரை மரியாதைக்காகச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வர வேண்டாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் வர வேண்டாம்.

நினைவும் மொழியும்

"ஆச்சி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று மருத்துவர் கேட்கிறார். ஆச்சி யோசிக்கிறார். பக்கத்தில் நிற்கும் மகள், "வெள்ளிக்கிழமைன்னு சொல்லும்மா" என்று முந்திக்கொள்கிறார். இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் நாள்தோறும் நடப்பது இது. அன்பினால் செய்தாலும், இது பரிசோதனையைக் கெடுக்கும். விடை தெரியாமல் போவது குடும்பத்துக்கு அவமானமல்ல. தெரியவில்லை என்பதே அங்கு தேவைப்படும் செய்தி.

நாள், ஊர், நிற்கும் இடம் ஆகியவை தெரிகின்றனவா என்பதற்குப் பின், கவனத்தைச் சோதிப்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது பழைய முறை. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்றோ, பங்குனியிலிருந்து தமிழ் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லுங்கள் என்றோ கேட்கலாம். மூன்று சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்து, வேறு வேலை கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பது அண்மை நினைவுக்கான சோதனை. கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்பது, ஒரு வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வது, "வலது கையால் இடது காதைத் தொடுங்கள்" என்பது எல்லாம் மொழிக்கானவை. பக்கவாதத்தில் நாக்கு தடித்துப் பேச்சு குழறுவது வேறு, சொல்லே வராமல் அல்லது புரியாமல் போவது வேறு. பின்னது பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கப் பாதிப்பைக் காட்டும்.

படித்த அளவு, பேசும் மொழி ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குக் கணக்கு வரவில்லை என்பதை மறதி நோயாக எண்ணிவிடக் கூடாது.

தலையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகள்

முகர்வைச் சோதிப்பதென்றால் காபித் தூள் அல்லது கிராம்பை ஒவ்வொரு மூக்குத் துளைக்கும் தனித்தனியே காட்டுவார்கள்; பல நேரம் தேவையில்லை என்று விட்டுவிடுவதும் உண்டு. கண்ணுக்கு அதிக நேரம் ஆகும். எழுத்துப் பலகையைப் படிப்பது, மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டு ஓரத்தில் அசையும் விரலைக் கண்டுபிடிப்பது, கண்மணியில் ஒளி அடித்துச் சுருங்குகிறதா என்று பார்ப்பது, தலையை ஆட்டாமல் விரலைப் பின்தொடர்வது என்று அது நீளும். ஓரத்து விரலைத் தேடிக் கண்ணைத் திருப்பிவிடுவது எல்லோரும் செய்வதுதான். திருப்பாமல் இருக்க முயலுங்கள். ஆஃப்தால்மோஸ்கோப் என்ற சிறு கருவியோடு மருத்துவர் உங்கள் முகத்துக்கு மிக அருகில் குனிந்து விழியின் உட்புறத்தைப் பார்ப்பார். பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடும் என்பதை, அறுக்காமல் குத்தாமல் கண் வழியே அறிகிற முறை இது. அதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று பைக் ஓட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப எண்ண வேண்டாம்.

முகத்தில் பஞ்சால் தொடுவார்கள், பல்லைக் கடிக்கச் சொல்வார்கள். புருவத்தை உயர்த்துங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள் என்று அடுத்தடுத்துச் சொல்வது எதற்கென்றால், முக நரம்பே பாதிக்கப்படும் முகவாதத்தில் நெற்றி உட்பட முகத்தின் பாதி முழுவதும் செயலிழக்கும். மூளைப் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பி, வாய்ப்பகுதி மட்டும் தொங்கும். நெற்றிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருவதே காரணம். ஒரு சுருக்கத்தை வைத்து இரண்டு நோய்களைப் பிரித்துவிட முடிகிற இடம் இது. காதருகே இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவி) ஒலிக்க வைப்பது, "ஆ" என்று சொல்லச் சொல்லி அண்ணத்தைப் பார்ப்பது, தோளைக் குலுக்கச் சொல்வது, நாக்கை நீட்டச் சொல்வது ஆகியவை விரைவில் முடிந்துவிடும்.

தசையின் வலு

முதலில் கண்ணால் பார்ப்பார்: தசை எங்கே இளைத்திருக்கிறது, தோலுக்கு அடியில் எங்கே துடிக்கிறது என்று. பிறகு உங்கள் கையையும் காலையும் அவரே மடக்கி நீட்டிப் பார்ப்பார். அப்போது உதவ முயலாமல் தளர்வாக விட்டுவிட வேண்டும். அடுத்து, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்க நீட்டிக் கண்ணை மூடச் சொல்வார். ஒரு கை மெல்ல உட்புறம் திரும்பிக் கீழிறங்கினால், நோயாளியே உணராத அளவுக்குச் சிறிய மூளைப் பாதிப்பும் வெளிப்பட்டுவிடும்.

பின்பு ஒவ்வொரு மூட்டாக, "நான் தள்ளுவேன், விடாதீங்க அண்ணாச்சி" என்று மல்லுக்கட்டல் நடக்கும். இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அசைவே இல்லையென்றால் 0, தசை மட்டும் சற்றுத் துடித்தால் 1, தரையோடு நகர்த்த மட்டும் முடிந்தால் 2, புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க முடிந்தால் 3, ஓரளவு எதிர்ப்பையும் தாங்கினால் 4, இயல்பானது 5. உங்கள் சீட்டில் 4/5 என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. வலியினால் தள்ள முடியவில்லையா, வலுவில்லாமல் தள்ள முடியவில்லையா என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இந்தத் தள்ளுமுள்ளில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதற்கு மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் காணக்கூடிய ஒரு நிலையைச் சொல்லலாம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை சம்மணமிட்டுப் பீடி சுற்றும் பெண் ஒருவருக்கு, ஒரு நாள் வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை; நடந்தால் பெருவிரல் தரையில் உரசுகிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது முதுகெலும்பு ஜவ்வு. மருத்துவர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்கிறார், முடியவில்லை. உட்பக்கம் திருப்பச் சொல்கிறார், நல்ல வலுவோடு திரும்புகிறது. ஒருக்களித்துப் படுத்துத் தொடையைத் தூக்கச் சொல்கிறார், அதுவும் இயல்பாக இருக்கிறது. இடுப்பில் ஐந்தாவது நரம்பு வேர் நசுங்கியிருந்தால், பாதத்தை உட்பக்கம் திருப்பும் தசையும் தொடையை விலக்கும் தசையும் சேர்ந்தே வலுவிழந்திருக்கும். அவை தப்பியிருப்பதால் கோளாறு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பில்தான். சம்மணமிட்டு அமர்வதும் குந்தி உட்கார்வதும் அழுத்துகிற இடம் அதுவே. இனி இடுப்பு ஸ்கேனுக்கு அவசரமில்லை. நரம்பில் மின்செய்தி எப்படி ஓடுகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று போதும். அழுத்தத்தால் மட்டும் வந்தது என்றால், உட்காரும் முறையை மாற்றி, பாதம் தொங்காமல் பட்டை போட்டுக்கொண்டால், பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தேறிவிடும்.

சுத்தியலும் உள்ளங்காலும்

தசைநாரைத் தட்டும்போது செய்தி தண்டுவடத்துக்குப் போய், மூளையைக் கேட்காமலே திரும்பி வந்து தசையைச் சுண்ட வைக்கிறது. முழங்கை மடிப்பில் தட்டினால் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் வேர்கள்; முழங்கைக்குப் பின்னால் ஏழாவது; முழங்காலில் இடுப்பின் மூன்றாவது, நான்காவது; குதிகாலுக்கு மேல் திரிகத்தின் (இடுப்புக்குக் கீழுள்ள முக்கோண எலும்பு) முதல் வேர் என்று ஒவ்வொரு தட்டும் ஒரு முகவரி. துடிப்பு குறைந்தால் வேர் அல்லது புற நரம்பு, கூடினால் மூளை அல்லது தண்டுவடம் என்பது பொது விதி. முதியவர்களுக்குக் குதிகால் துடிப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் இருப்பது இயல்பாகவும் இருக்கலாம். சரியாக வராதபோது, இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்வார். கவனம் அங்கே போவதாலும் தசைகளின் விழிப்பு கூடுவதாலும் துடிப்பு வெளிவரும். ஹங்கேரிய மருத்துவர் யெந்திராசிக்கின் பெயரால் வழங்கும் உத்தி இது.

உள்ளங்காலின் வெளி ஓரத்தில் குதிகாலிலிருந்து விரல் வரை மழுங்கிய முனையால் கீறுவது கூச்சமாக இருக்கும், காலை இழுத்துக்கொள்ளத் தோன்றும். வளர்ந்தவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கி எழுந்தால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் கட்டளைப் பாதை எங்கோ பழுதுபட்டிருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி 1896-இல் விளக்கிய குறி இது. கைக்குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒரு வயது வரை மேல்நோக்கி எழுவது இயல்பே. பேரனுக்கு வீட்டிலேயே கீறிப் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம்.

உணர்ச்சியைச் சோதிப்பது

மற்ற எல்லாவற்றையும் மருத்துவர் கண்ணால் பார்க்கலாம். உணர்ச்சியை நீங்கள் சொன்னால்தான் உண்டு. அதனால் இது எளிதில் தவறக்கூடிய பகுதி, நோயாளியின் நேர்மை அதிகம் தேவைப்படும் பகுதியும்கூட. கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்டால் பட்டது என்றும், ஊசி குத்தினால் கூர்மையா மொண்ணையா என்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் மனம் கோணக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் "தெரியுது சார்" என்பவர்கள் உண்டு. அதனால்தான் சில சமயம் தொடாமலே தொட்டதுபோலக் கேட்பார்கள். ஊசி புதியதாக, ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறிவதாக இருக்க வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தோல் முழுவதும் நரம்பு வேர்களின் எல்லை வரைபடம் இருக்கிறது: முலைக்காம்பு மட்டம் மார்பின் நான்காவது வேர், தொப்புள் மட்டம் பத்தாவது. ஊசிக் குத்து எந்தக் கோட்டில் மறைகிறது என்பதிலிருந்து தண்டுவடத்தில் எந்த உயரத்தில் தேடுவது என்பது கிடைக்கும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிர வைத்துக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று கேட்பார்கள். கட்டைவிரலை மெல்ல மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அந்த அழுத்தமே தெரியாத பாதம், சித்திரை வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரத்தில் சுற்றி வரும்போது கொப்புளம் போட்டாலும் உரியவருக்குத் தெரியாது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை ஏதும் உண்டா என்று தேடுவதும், முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு வெளிப்பக்கமும் நரம்பைத் தடவித் தடிப்பைப் பார்ப்பதும் தொழுநோய்க்காக. அது முற்றிலும் குணமாகக்கூடியது. அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள்.

ஒத்திசைவும் நடையும்

மருத்துவரின் விரலையும் உங்கள் மூக்கையும் மாறி மாறித் தொடுவது, ஒரு குதிகாலால் மறுகாலின் முன்னெலும்பில் கீழ்நோக்கித் தடவுவது, உள்ளங்கையையும் புறங்கையையும் தொடையில் வேகமாக மாற்றி மாற்றித் தட்டுவது ஆகியவை சிறுமூளைக்கானவை. பிறகு குதிகாலும் விரல்நுனியும் ஒட்டக் கோட்டில் நடக்கச் சொல்வார்கள்.

கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடும் சோதனை ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க்கின் பெயரால் வழங்குவது. கண் திறந்திருக்கும்போது நிலையாக நிற்பவர் மூடியதும் சாய்ந்தால், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் பாதை பழுதாகி, அதுவரை கண்ணே அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது என்று பொருள். ஆற்றில் கண்ணை மூடித் தண்ணீர் ஊற்றும்போது தள்ளாடியதற்குக் காரணம் இதுவே. பி12 குறைபாடு இப்படித் தொடங்குவதுண்டு. கண் திறந்திருக்கும்போதே தள்ளாடினால் சிறுமூளை போன்ற வேறு இடங்களில் தேட வேண்டும். மருத்துவர் கைகளை விரித்துப் பக்கத்திலேயே நிற்பார், விழ விட மாட்டார்.

இவற்றோடு படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்ப்பது, நாடித் துடிப்பு, கழுத்து இரத்தக் குழாயில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது, காய்ச்சலும் தலைவலியும் இருந்தால் கழுத்தை மடக்கி விறைப்பைப் பார்ப்பது ஆகியவையும் சேரும். எல்லாவற்றையும் விடாமல் செய்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் உங்கள் குறைக்குத் தேவையானதை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்வார்கள், அது குறைபாடல்ல. ஆனால் கால் வலுவிழந்தவரின் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், "ஒரு தடவை தட்டிப் பாத்துருங்க சார்" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

பரிசோதனை முடிந்த பிறகு

எந்த இடத்தில் கோளாறு என்று நினைக்கிறார், எழுதியிருக்கும் சோதனை எதை உறுதிசெய்வதற்கு என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது: மெட்டி, மூக்குத்தி, வெள்ளி அரைஞாண் உட்பட. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை முன்னதாகக் கட்டிக்கொண்டு வருவது இங்கு வழக்கம். பேஸ்மேக்கர், அறுவை சிகிச்சையில் தலைக்குள் வைத்த கிளிப் ஆகியவை இருந்தாலும், வெல்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. என்றால் முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். அதில் வலியில்லை, அது இயல்பாக வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. நரம்புக் கடத்தல் சோதனையில் சிறு மின்னதிர்வு சுருக்கென்று படும். கை கால் சில்லிட்டிருந்தால் அளவு பிசகும். தசைக்குள் ஊசி வைத்துப் பார்ப்பதாயின், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

முதுகில் ஊசி வைத்துத் தண்டுவட நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி செல்கிறது. அங்கே வேர்கள் நீரில் மிதப்பதால் ஊசிக்கு விலகிக்கொடுக்கும். சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், படுத்தால் குறையும்.

வலு, துடிப்பு, உணர்ச்சி ஆகியவை எண்களோடு எழுதப்பட்ட பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் அதே தசையை மறுபடி தள்ளிப் பார்த்து, மூன்று மாதத்தில் 4 என்பது 3 ஆனதா, 5 ஆனதா என்று ஒப்பிட முடியும். ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படச் சுருளையோ குறுந்தகட்டையோ சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.